ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியா, மீனா?

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மீன்தான். ஆட்டுக்கறிக்குக் குக்கரில் ஐந்தாறு விசில் வேண்டும்; முற்றல் ஆடென்றால் அதற்கும் வேகாது. மீனுக்கு, குழம்பு கொதித்தபின் பத்து நிமிடம் போதும். ஆனால் வேலையெல்லாம் அதற்கு முன்னால். விராலைச் சாம்பல் தொட்டுக் கல்லில் உரசி, வழுவழுப்புப் போகும்வரை கழுவ வேண்டும். கடைக்காரரே செய்து தந்தால் புண்ணியம். மீன் போட்டபின் கரண்டியைத் தொடாதீர்கள். துணியால் பிடித்து மண்சட்டியையே லேசாகச் சுழற்றுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலில் மீன்பிடித் தடைக்காலம். நாகப்பட்டினத்து வஞ்சிரம் விலை ஏறிவிடும். அப்போது குளத்துக் கெண்டைதான், முள் பார்த்துத் தின்னத் தெரிய வேண்டும்.

மறுநாள் இட்லிக்குக் கறிக்குழம்பும் நன்றாகத்தான் இருக்கும், சரி. ஆனால் பழைய மீன்குழம்பு முன்னால் அது நிற்காது.