காமன்-லா துணையாகக் கனடாவுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு: சேர்ந்து வாழத் தொடங்கிய தேதியைப் பிறர் எழுத விடாதீர்கள்

திருமணப் பதிவு இல்லாமல் சேர்ந்து வாழும் துணை, அதாவது காமன்-லா துணை என்ற முறையில் சிங்கப்பூரிலிருந்து கனடாவின் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிராங்கூன் சாலைப் பக்கம் மாடியறை ஒன்றில் குடியேற்ற ஆலோசகர் என்று பலகை வைத்திருந்த ஒருவரை நம்பி, நாங்கள் 4,200 சிங்கப்பூர் வெள்ளியையும் ஓராண்டுக்கு மேலான காலத்தையும் இழந்தோம். பணம் போனதைவிட, நாங்கள் சொல்லாத ஒரு பொய் எங்கள் கையெழுத்தோடு கனடா அரசின் கோப்பில் ஏறியதுதான் இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

என் துணைவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வளர்ந்த கனடியக் குடிமகன். இங்கே எம்பிளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில்) வேலை பார்க்கிறார். நான் சிங்கப்பூரில் பிறந்தவள். அவருடைய முந்தைய திருமணத்தின் விவாகரத்து முடியாததால், நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வழியில்லை. 2023 ஏப்ரலில், ஆங் மோ கியோவில் உள்ள என் தாயார் வீட்டிலிருந்து, செங்காங்கில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குடிபோனேன். அம்மாவிடம் அதைச் சொல்லிச் சம்மதம் வாங்கவே எனக்கு மூன்று மாதங்கள் பிடித்தன என்பதால், அந்தத் தேதி எனக்கு மறக்கக்கூடியதே அல்ல.

கனடாவின் விதி தெளிவானது. கணவன் மனைவியைப் போன்ற உறவில், ஒரே வீட்டில், தொடர்ந்து குறைந்தது 12 மாதங்கள் வாழ்ந்திருக்க வேண்டும். விண்ணப்பம் போடும்போதே அந்த 12 மாதங்கள் நிறைந்திருக்க வேண்டும். வேலைப் பயணம், பெற்றோரின் உடல்நலக் குறைவு போன்ற காரணங்களால் நேரும் குறுகிய பிரிவுகளை அதிகாரிகள் ஏற்பார்கள், ஆனால் அவற்றை விளக்க வேண்டும். முந்தைய திருமணம் சட்டப்படி முடியாவிட்டாலும், அந்த வாழ்க்கையிலிருந்து உண்மையாகவே பிரிந்து வந்து இன்னொருவரோடு ஓராண்டு வாழ்ந்தவர் காமன்-லா துணையாக இருக்கலாம். குடிமகன் வெளிநாட்டில் இருந்தபடியே ஸ்பான்சர் செய்யலாம். துணைக்கு நிரந்தரவாசம் கிடைத்ததும் கனடாவில் குடியேறப் போவதைக் காட்டினால் போதும். ஸ்பான்சர் செய்பவர் கனடாவின் நிரந்தரவாசியாக மட்டும் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. இவற்றையெல்லாம் பின்னர் ஒரு வழக்கறிஞர்தான் எங்களுக்குச் சொன்னார்; 2024 ஜனவரியில் நாங்கள் முதலில் தேடிப்போன அந்த ஆலோசகர் சொன்னது, "எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்பதுதான்.

ஐஎம்எம் 5409 என்ற படிவம், நாங்கள் இருவரும் காமன்-லா துணைகள் என்று சத்தியம் செய்து சொல்லும் உறுதிமொழிப் பத்திரம். எந்தத் தேதியிலிருந்து சேர்ந்து வாழ்கிறோம் என்பதை அதில் எழுத வேண்டும். அவர் என் முன் வைத்த தாளில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது; கையெழுத்துக்கான இரண்டு இடங்களில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார். தேதி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டேன். தட்டச்சு செய்து சேர்ப்பதாகவும், உறுதிமொழிகளுக்குச் சான்றளிக்கும் சத்தியப் பிரமாண ஆணையாளரின் முத்திரையைத் தாமே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். உறுதிமொழி செய்பவர் ஆணையாளர் முன்னிலையில் நேரில் நின்று கையெழுத்திட வேண்டும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. அந்தப் பென்சில் குறிகளின் மேல் கையெழுத்திட்டேன். அது என் தவறு.

பிப்ரவரியில் அவர் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். அப்போது நாங்கள் சேர்ந்து வாழத் தொடங்கிப் பத்து மாதங்களே ஆகியிருந்தன. இன்னும் இரண்டு மாதங்கள் பொறுக்கச் சொல்லியிருந்தால் எந்தச் சிக்கலும் வந்திருக்காது. மாறாக, 2023 ஜனவரியிலேயே நாங்கள் சேர்ந்து வாழத் தொடங்கியதாக எழுதி, அதற்குத் தோதாக என் பெயரையும் சேர்த்து முன்தேதியிட்ட வாடகை ஒப்பந்தம் ஒன்றையும் அவர் இணைத்திருந்தார். அந்தத் தாளை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கடந்த பத்தாண்டு முகவரிகளைக் கேட்கும் ஐஎம்எம் 5669 படிவத்தில், 2023 மார்ச் வரை அம்மாவின் வீட்டு முகவரியையே நான் உள்ளபடி எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரே கோப்பில் இரண்டு தேதிகள் மோதிக்கொண்டன.

அதிகாரியின் விளக்கம் கோரும் கடிதம் செப்டம்பரில் வந்தது. பதில் தர 30 நாள் அவகாசம். இணையக் கணக்கைத் தம்முடைய மின்னஞ்சல் முகவரியில் அவர் தொடங்கியிருந்ததால், கடிதம் அவருக்குப் போய், 21 நாள்கள் கழித்துத்தான் வாட்ஸ்அப் வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. உண்மைக்குப் புறம்பான தகவல் தந்ததாக முடிவானால், கனடாவின் குடியேற்றச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுத் தடை விழும் என்று அதில் இருந்தது. படித்து முடித்தபோது என் கை நடுங்கியது.

அன்றிரவு என் துணைவர், ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பான கனடாவின் குடியேற்ற ஆலோசகர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் அந்த ஆலோசகரின் பெயரைத் தேடினார், இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு குடியேற்ற விண்ணப்பங்களுக்கு ஆலோசனை சொல்லவோ பிரதிநிதியாகச் செயல்படவோ, அந்தக் கல்லூரியின் உரிமம் பெற்றவர்கள், கனடிய வழக்கறிஞர்கள், கியூபெக் நோட்டரிகள் ஆகியோருக்குத்தான் பொதுவாக அனுமதி உண்டு. உரிமம் பெற்றவர் என்றால் ஐஎம்எம் 5476 படிவத்தில் தம் பெயரையும் உரிம எண்ணையும் எழுதி, பிரதிநிதியாக வெளிப்படையாக நிற்பார். எங்கள் கோப்பில் அந்தப் படிவமே இல்லை. நாங்களே தனியாக விண்ணப்பித்தது போல அவர் காட்டியிருந்தார்.

எஞ்சிய ஒன்பது நாள்களில், டொராண்டோ வழக்கறிஞர் ஒருவர் உதவியுடன், நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தோம். எங்களைக் காப்பாற்றியவை சிங்கப்பூரின் சாதாரணத் தாள்களே. குடியேற்ற, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடமிருந்து அடையாள அட்டையின் முகவரி மாற்றத்துக்காக வந்த கடிதம், வீட்டு உரிமையாளர் என்னையும் குடியிருப்பாளராகச் சேர்த்து வீவகவிடம் தெரிவித்த பதிவு, புதிய முகவரிக்கு மாறிய வங்கி அறிக்கைகள் ஆகிய எல்லாமே 2023 ஏப்ரலையே காட்டின. முன்தேதியிட்ட ஒப்பந்தத்தின் குட்டும் இங்கேதான் உடைந்தது: சிங்கப்பூரில் கையெழுத்தாகும் வாடகை ஒப்பந்தத்துக்கு 14 நாள்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும், உண்மையான ஒப்பந்தத்துக்கு அந்தச் சான்றிதழ் இருந்தது, போலிக்கு இல்லை. ஆலோசகர் மட்டுமே அதைத் தயாரித்தார் என்பதற்கு அவருடைய வாட்ஸ்அப் செய்திகள் சாட்சியாயின.

2025 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 12 மாதங்கள் நிறையவில்லை என்பது மட்டுமே காரணம், ஐந்தாண்டுத் தடை இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பேநவ் என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் அனுப்பிய தொகை கட்டணம் அல்ல, "அன்பளிப்பு" என்று அந்த மனிதர் சொன்னார். காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்கும் சிறு உரிமைகோரல் மன்றத்திலும் மனுச் செய்திருக்கிறோம்.

ஜூன் மாதம் இரண்டாவது விண்ணப்பத்தை என் சொந்த மின்னஞ்சலில் நானே கணக்குத் தொடங்கி அனுப்பினேன்; ஆணையாளர் முன்னிலையில், தேதி நிரப்பிய பிறகே கையெழுத்திட்டோம். யாரிடமாவது ஏற்கெனவே உங்கள் கோப்பை ஒப்படைத்திருந்தால், கணக்கின் கடவுச்சொல்லை இன்றே வாங்கி உள்ளே சென்று, உறுதிமொழிப் பத்திரத்தில் உள்ள தேதியையும் முகவரிப் பட்டியலில் உள்ள தேதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.