விராலுக்கு விறைப்பு, கட்லாவுக்கு வளைவு: தூண்டில் ராடுகளோடு என் அனுபவம்

ஒரு கிலோ விராலுக்கு நான் எடுத்துப் போகும் ராடு, ஆறு கிலோ கட்லாவுக்கு எடுத்துப் போகும் ராடைவிட விறைப்பானது. தூண்டில் போடப் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் சட்டென்று நம்ப மாட்டார்கள். பெரிய மீனுக்குத் தடித்த ராடு, சின்ன மீனுக்கு மெல்லிய ராடு என்றுதான் கடையிலும் சொல்லி அனுப்புகிறார்கள். ஏரி, கழிமுகம், அணை என்று பல வருஷமாக நாலு ராடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் வேறு. மீனின் வாய் எப்படிப்பட்டது, தூண்டில் முள் ஏறியதும் அது எங்கே ஓடி ஒளியும் என்ற இரண்டையும் பார்த்துத்தான் விறைப்பை முடிவு செய்ய வேண்டும். எடை அப்புறம்தான்.

ராடின் கைப்பிடிக்கு மேலே எழுதியிருப்பதில் இரண்டு விஷயம் இருக்கிறது. லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்பவை பவர்; அதாவது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ஃபாஸ்ட், மாடரேட், ஸ்லோ என்பவை ஆக்‌ஷன். அது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப் பக்கம் மட்டும் வளையும். ஸ்லோ என்றால் கைப்பிடி வரைக்கும் வளைவு இறங்கும். பலரும் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு, இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியில் மீடியம் ஹெவி. அதனால் நான் பெயரை விட்டுவிட்டு, பக்கத்தில் போட்டிருக்கும் லூர் எடையை, அதாவது அந்த ராடு வீசக்கூடிய செயற்கை இரையின் எடையைப் பார்ப்பேன். 7–28 கிராம், 15–40 கிராம் என்று இருக்கும். ராடின் உண்மையான குணம் அதில் ஓரளவு தெரிந்துவிடும்.

விராலில் இருந்து தொடங்குகிறேன், எனக்கு மிகவும் பிடித்த மீன் அது. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் மழை முடிந்து, தண்ணீர் மெதுவாக வற்றத் தொடங்கும் மாதங்களில் கரையோரம் அல்லியும் ஆகாயத்தாமரையும் பாசியும் அடைத்துக் கிடக்கும். விரால் வெளிக்காற்றைச் சுவாசிக்கும் மீன், அதனால் அந்த அடைசலுக்குள்ளேயே சுகமாக இருக்கும். அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்துவிட்டு இறங்கும்போது இலைகள் அசைவதைப் பார்க்கலாம். அந்த இடத்துக்கு இரண்டு அடி தள்ளி ரப்பர் தவளையை வீசி, இலைமேல் இழுத்துக்கொண்டு வர வேண்டும். அடித்ததும் இழுத்துவிடக் கூடாது. தவளை உள்ளே போய், லைன் நகர ஆரம்பித்து, தளர்வைச் சுற்றி எடுத்த பிறகுதான் ஓங்கிச் சுண்ட வேண்டும். அந்த ஒரு சுண்டலில் மூன்று வேலை நடக்க வேண்டும்: தவளையின் வயிறு அமுங்கி முள் வெளியே வர வேண்டும், எலும்பாக இருக்கும் வாயில் அது ஏற வேண்டும், மீனின் தலை இலைக்கு மேலே திரும்ப வேண்டும். துவளும் ராடில் இந்த மூன்றும் நடக்காது. சுண்டிய பலம் முழுவதும் ராடின் வளைவிலேயே போய்விடும். ஒரு நொடி கிடைத்தால் போதும், விரால் தண்டுகளைச் சுற்றிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். அப்புறம் கையில் வருவது பாசிதான்.

என்னுடையது 7 அடி மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன், 40 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னல் லைன். மீன் இழுக்கும்போது ரீல் லைனை விட்டுக்கொடுக்கும் இறுக்கம்தான் டிராக், அதை ஏறக்குறைய பூட்டியே வைப்பேன். இவ்வளவு பலம் மீனுக்காக இல்லை. மீனோடு சேர்ந்து வரும் ரெண்டு கிலோ ஆகாயத்தாமரைக்காக. வேறு மீனுக்கு இந்த ராடை நான் எடுப்பது அரிது, ஆனால் விரால் ஏரிக்கு இது இல்லாமல் போகமாட்டேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் கொப்பளிக்கும் இடத்தில் தவளையை வீசாதீர்கள். அடியில் தாய்தகப்பன் காவல் இருக்கும், கட்டாயம் அடிக்கும், ஆனால் அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அதேபோல, பல ஏரிகளில் மீன்பிடிப்பைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவது முறை.

கட்லாவுக்கு இதெல்லாம் தலைகீழ். அதற்குத் தாடையில் பல் கிடையாது. மேல்நோக்கித் திறக்கும் பெரிய வாய், மெத்தென்ற உதடு. கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து, முட்கள் கட்டிய கம்பிச் சுருளான ஸ்ப்ரிங்கில் அடைத்துப் போட்டால், மாவை உறிஞ்சும்போது சின்ன முள்ளும் கூடவே உள்ளே போகும். விரால் ராடை இங்கே கொண்டுவந்தால், முதல் ஓட்டத்திலேயே முள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மேட்டூர் மாதிரி திறந்த நீரில் கட்லா ஒளிந்துகொள்ள அடைசல் தேவையில்லை, அகலமாக ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நாம் செய்ய வேண்டியது அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுப்பது மட்டும். நான் வைத்திருப்பது 11 அடி, மாடரேட் ஆக்‌ஷன், முக்கால்வாசி நீளம் வளையும் ராடு. லைன் 0.35 மில்லிமீட்டர் தங்கூஸ்தான், அதாவது நைலான் நரம்பு. தங்கூஸ் இழுவையில் 20 சதவீதம் வரைகூட நீளும், பிரெய்டு கிட்டத்தட்ட நீளவே நீளாது. ராடின் வளைவும் தங்கூஸின் நீட்சியும் சேர்ந்து, மீன் தலையை உதறும்போது முள்மேல் விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பிரெய்டு போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ராடு இன்னும் ஒரு படி இளக்கமாக இருக்கட்டும்.

கொடுவாவுக்கு ராடு தேர்ந்தெடுப்பதுதான் இவற்றில் கடினம். முட்டுக்காடு கழிமுகத்தில் பாலத்தூண்களை ஒட்டி நிற்கும். தூண் முழுக்கச் சிப்பியும் கொட்டலசும் ஒட்டியிருக்கும், லைன் ஒரு தடவை உரசினால் அறுந்தது. அதற்காக விறைப்பு வேண்டும். ஆனால் கொடுவா தண்ணீருக்கு மேலே எகிறி, வாயைப் பிளந்து தலையை உதறும் மீன். மூன்று முள் கொக்கி வைத்த லூர் அந்த உதறலில் நெம்புகோல் போல வேலை செய்து கழன்றுவிடும், ராடு கட்டையாக இருந்தால் இன்னும் சீக்கிரம். அதற்காக இளக்கமும் வேண்டும். என் தீர்வு: 7 அடி மீடியம், நுனி துவளும், அடிப்பாகம் உறுதியாக நிற்கும். 20 பவுண்டு பிரெய்டு, அதன் முனையில் முள் பக்கம் கட்டும் தடித்த நரம்பான லீடர் 40 பவுண்டு, டிராக் இரண்டரை கிலோ அளவில். லக்கேஜ் தராசை லைனில் மாட்டி இழுத்து டிராக்கை அளந்துகொள்வேன். மீன் எகிறும்போது ராடின் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்த வேண்டும். லீடர் தடிமனாக இருப்பதற்குக் காரணம் கொடுவாவின் செவுள்மூடி, கத்தி மாதிரி விளிம்பு அதற்கு. பெரிய கொடுவா பெரும்பாலும் பெண்மீன்கள், சின்ன வயதில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறுகிற இனம் அது. பெரியது சிக்கினால் நான் விட்டுவிடுவேன்.

அதே தூண்களில் செம்பல்லி வகையைச் சேர்ந்த மேங்ரோவ் ஜாக்கும் இருக்கும். அதற்கு என் மீடியம் போதாது. கடித்த வேகத்திலேயே பொந்துக்குத் திரும்பும், முதல் இரண்டு மீட்டரில் தடுக்காவிட்டால் கதை முடிந்தது. மேங்ரோவ் ஜாக்தான் குறி என்றால் மீடியம் ஹெவி.

ஜிலேபிக்கும் கடற்கரைக் கிழங்கானுக்கும் அல்ட்ரா லைட். 1–7 கிராம், மண்புழு அல்லது இறால் துண்டு, சின்ன முள். நுனி மெல்லியதாக இருந்தால்தான் கிழங்கானின் கொத்து கைக்குத் தெரியும். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல ராடு கிடையாது.

இத்தனை வருஷத்தில் ராடுகள் எப்படித் தேய்ந்தன என்றால், முதலில் போவது வளையங்கள்தான். உப்புத் தண்ணீரில் ஓடும் ராடின் வளையச் சட்டம் துருப்பிடிக்கும், உள்ளே இருக்கும் பீங்கான் வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அந்தக் கீறல் பிரெய்டைச் சத்தமில்லாமல் அறுக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியை வளையத்துக்குள் ஒரு சுற்று சுற்றுங்கள். நூல் சிக்கினால் வளையத்தை மாற்றியே ஆக வேண்டும். கழிமுகத்திலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது ராடின் ஆயுளைப் பல மடங்கு கூட்டுகிறது. கார்பன் ராடு விறைப்பு கூடக்கூட அடிக்குத் தாங்காது. ஈயக்குண்டு பட்டோ வண்டிக் கதவில் இடித்தோ ஏற்பட்ட சின்ன வடு, அடுத்த மீனில் முறிவாக வெளிப்படும். மீனைத் தூக்கும்போது ராடைத் தலைக்கு மேலே நிமிர்த்திப் பிடித்தாலும் நுனி முறியும், பாரம் முழுவதும் மெல்லிய பாகத்துக்குப் போய்விடுவதால். கண்ணாடியிழை ராடு கனம்தான், ஆனால் இந்த விஷயத்தில் பொறுமைசாலி. இன்னொன்று, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரையில் ஈபி கம்பி போகும் இடத்தில் வீசவே வேண்டாம். இடி மின்னல் என்றால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள்.

கடையில் ராடை ஆட்டிப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. கடைக்காரர் சம்மதித்தால் ரீலை மாட்டி, லைனை எல்லா வளையத்திலும் கோத்து, நுனியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, ராடைச் சாய்வாகப் பிடித்தபடி மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். வளைவு எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். அல்ட்ரா லைட்டுக்கு மட்டும் கால் லிட்டர் போதும்.

ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 7 அடி, மீடியம், ஃபாஸ்ட், 7–28 கிராம். கொடுவாவுக்கும் கரையோரம் வரும் சின்னப் பாறை மீனுக்கும் சீலா மீனுக்கும் சரியாக இருக்கும். டிராக்கை நன்றாகத் தளர்த்தி, தங்கூஸ் போட்டால் கட்லாவையும் சமாளிக்கலாம். அடைசல் இல்லாத குளத்தில் விராலும் எடுக்கலாம். ஆகாயத்தாமரை மூடிய ஏரிக்கு மட்டும் அதை எடுத்துப் போகாதீர்கள். அங்கே லைனை அறுத்துக்கொண்டு தப்பிய மீன், வாயில் தவளையும் பின்னால் இழுபடும் லைனுமாக ஏதாவது தண்டில் சிக்கிக்கொண்டு செத்துப்போகும்.