இரக்கம் தீவுக்குப் பாயா, எஞ்சினா?

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சே இல்லாத படகில் உட்கார்ந்தால் அது எதைத் துளைக்கும் என்று இந்த மாசியில் நானும் மனைவியும் நன்றாகவே தெரிந்துகொண்டோம்.

நாங்கள் இருப்பது தடா. அவள் பிறந்த வீடு பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் இரக்கம் தீவில். ஆந்திரக் கணக்கில் வரும் ஊர், ஆனால் வீட்டுக்குள் பேச்செல்லாம் தமிழ்தான். ஒரே மாதத்தில் அங்கே இரண்டு முறை போனோம், முதல் தடவை மச்சானின் எஞ்சின் வைத்த ஃபைபர் படகில், அடுத்த தடவை மாமனாரின் பழைய பாய்ப்படகில். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் போக எது நல்லது என்று வேலையிடத்தில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். பாய்தான். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேகத்தில் எஞ்சின் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. பாயில் போக இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஆனது. சத்தம், புகை எந்தப் படகில் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

குளிர் விஷயம்தான் நான் எதிர்பார்க்காதது. விடியலில் இருபது டிகிரி பக்கம் இருந்திருக்கும், மலைநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் எஞ்சின் படகு ஓடுகிற வேகமே ஒரு எதிர்க்காற்றை உண்டாக்கி, முன்பக்கம் தெறிக்கும் தண்ணீரையும் வாரி முகத்தில் அடிக்கிறது. கால் மணி நேரத்தில் அவளுடைய சால்வை நனைந்து கனத்துவிட்டது. பாய்ப்படகிலோ காற்று பின்னாலிருந்து நம்மோடு சேர்ந்தே வருவதால் உடம்பில் பெரிதாக உறைக்கவில்லை. அதே பனி, அதே நேரம், ஆனால் பிளாஸ்கில் இருந்த டீயை நடுங்காமல் ஊற்றிக் குடித்தோம்.

சரி, நான் பாய் பக்கம் சாய்ந்ததற்கு உண்மையான காரணம் இதெல்லாம் இல்லை. தண்ணீரின் ஆழம்.

பார்க்கக் கடல் மாதிரி விரிந்து கிடந்தாலும் இந்த ஏரியில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூடக் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் கொண்டுவந்து கொட்டுவதோடு சரி, அப்புறம் வரத்து நின்று, வெயில் ஏற ஏறத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். முகத்துவாரத்தில் மணல் வேறு சேர்ந்துகொள்ளும். எஞ்சின் படகின் விசிறிக்கு ஓரளவு ஆழம் வேண்டும். மச்சான் அதைத் தூக்கித் தூக்கி ஓட்டினார், தூக்கினால் எஞ்சின் வெறுமனே அலறும், இறக்கினால் சேற்றைக் கிண்டும். இரண்டு இடத்தில் நாங்கள் மூவருமே இறங்கி முழங்கால் தண்ணீரில் படகைத் தள்ளினோம். அந்தக் குளிரில்! ஒரு இடத்தில் பாசி சுற்றிக்கொண்டது, அதைக் கத்தியால் அறுத்து எடுக்கவே பத்து நிமிடம்.

அதைவிடப் பெரிய தலைவலி வலை. இங்கே யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடலாம் என்பதற்குப் பாடு முறை என்று ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறது. ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்து போட்ட வலையை நம் விசிறி அறுத்தால், அன்றைய அவர் பிழைப்பையே அறுத்தது போல. மச்சானுக்கு ஒருமுறை நூலிழையில் தப்பியது, அதற்கே தமிழிலும் தெலுங்கிலும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். தட்டையான அடி கொண்ட பாய்ப்படகுக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். ஆழம் குறைந்தால் மாமனார் பாயைத் தளர்த்திவிட்டு மூங்கில் கழியை எடுத்து ஊன்றினார். “மாப்ளே, இது தண்ணிக்கு மேல போற வண்டி, அது தண்ணிக்குள்ள போற வண்டி” என்றார். அவ்வளவுதான் விஷயம்.

பூநாரைகளும் அந்த ஆழம் குறைந்த தண்ணீரில்தான் நின்று தலையைக் கவிழ்த்து மேய்கின்றன. எஞ்சினில் போனபோது வெகு தூரத்திலேயே கூட்டமாகத் தண்ணீர்மேல் ஓடி எழும்பிவிட்டன. பாயில் போனபோது மேய்ச்சலை விடவில்லை. இன்னும் கிட்டே போகலாமா என்று கேட்டேன், மாமனார் பதில் சொல்லாமல் பாயை இறக்கிவிட்டார்.

பாயின் குறையையும் சொல்ல வேண்டும். காற்று நம் சொல்பேச்சு கேட்காது. காலையில் கரைக்காற்று கிழக்கே தள்ளும், மதியத்துக்கு மேல் கடல்காற்று மேற்கே தள்ளும், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் திட்டமெல்லாம். தட்டை அடி என்பதால் எதிர்க்காற்றில் பக்கவாட்டில் வழுக்குமே தவிர முன்னேறாது. நடுவில் ஒரு மணி நேரம் காற்று செத்துக் கிடந்தது, கழி ஊன்ற வேண்டியதாயிற்று. அதில் என் மனைவி என்னைவிடக் கெட்டிக்காரி. பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லாத நீண்ட பயணம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அம்மா வீடு இருந்தது.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக: எஞ்சினை உப்பு தின்னும், பாயை வெயில் தின்னும், தைக்கிற செலவு குறைவு.

நான் பாயில் ஏறியது மொத்தமே மூன்று தடவை, மூன்றும் அமைதியான நாட்கள், மூன்றும் ஏரிக்குள். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போவதென்றால் எஞ்சினையே நம்புவேன். மழைக்காலத்தில் இரண்டும் வேண்டாம். எதில் ஏறினாலும் மிதவைச் சட்டை போடுங்கள், ஆள் அதிகம் ஏற்றினால் இறங்கிவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள்.

மனைவிக்கு என் தீர்ப்பில் பாதிதான் சம்மதம். “போகும்போது அப்பா படகு, வரும்போது அண்ணன் படகுங்க, மத்தியான வெயில்ல மூணு மணி நேரம் என்னால முடியாது” என்கிறாள். பங்குனிக்குள் இன்னொரு தடவை போவதாக இருக்கிறோம், அப்படித்தான் போகப்போகிறோம்.