ஒரு செமஸ்டர் உடலியங்கியல்: படித்து முடித்தவளின் மதிப்பீடு

கல்லூரியில் மனித உடலியங்கியலை ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்து, போன மாதம்தான் கடைசித் தேர்வை எழுதினேன். எனக்கு 43 வயது. கணக்கு எழுதுவது தொழில். பட்டமோ பதவி உயர்வோ இதில் எனக்கு இல்லை. அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, அடிக்கடி காலில் நீர் கோத்துக்கொள்ளும். டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு வருவேன். ஒருநாள் வாசலில் செருப்பை மாட்ட முடியாமல் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்: "இதயத்துல கோளாறுன்னா கால் ஏம்மா வீங்குது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் சேர்ந்தேன். அதனால் இந்த மதிப்பீடும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

வாரம் மூன்று வகுப்பு, மூன்று மணி நேர லேப் ஒன்று, மொத்தம் 15 வாரம். கூடப் படித்தவர்களில் பெரும்பாலோர் நர்சிங்குக்கோ பிசியோதெரபிக்கோ போகப் போகிற பிள்ளைகள். என் லேப் கூட்டாளிக்கு 19 வயது. முதல் நாளே "அக்கா, நீங்க நோட்ஸ் எடுங்க, நான் மெஷினைப் பார்த்துக்கறேன்" என்று வேலையைப் பிரித்துவிட்டாள். கடைசி வரை அப்படித்தான் ஓடியது, நன்றாகவும் ஓடியது.

முதல் மூன்று வாரம் முழுக்க செல் சவ்வு. உடலைப் பற்றிப் படிக்க வந்தால் உப்பைப் பற்றியே பேசுகிறார்களே என்று பலருக்கும் தோன்றியது, இரண்டு பேர் விலகியும் போனார்கள். அந்த மூன்று வாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். செல்லின் சவ்வில் ஒரு பம்பு இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். நாம் தூங்கும்போதும் நிற்காமல் இதையே செய்துகொண்டிருக்கும். இப்படிச் சேர்த்து வைத்த ஏற்றத்தாழ்வால்தான் நரம்புச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கிறது. சவ்வில் இருக்கும் சோடியக் கதவு திறந்ததும் சோடியம் உள்ளே பாய்கிறது, செய்தி ஓடுகிறது. நரம்பு, தசை, இதயம், சிறுநீரகம் எல்லாமே பிறகு இந்தப் பம்பின் மேல்தான் வந்து உட்கார்ந்தன. பள்ளியில் படித்த வேதியியலை மறந்தவர்கள், அயனி, செறிவு, சவ்வூடு பரவல் என்ற மூன்றையாவது சேரும் முன்பே ஒரு முறை புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை, அதனால் முதல் பதினைந்து நாள் இரவெல்லாம் திண்டாடினேன்.

எங்கள் பேராசிரியை எதையும் 'இது இப்படித்தான்' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார். நரம்பின் மின்னோட்டத்தை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அளந்தது கணவாய் மீனின் நரம்பில். அந்த இழை கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கும் என்பதால் உள்ளே மின்முனையை நுழைக்க முடிந்தது. 1952-இல் எழுதினார்கள், 1963-இல் நோபல் வந்தது. நரம்பு தன் அடுத்த செல்லிடம் ரசாயனத்தால் பேசுகிறது என்பதை ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921-இல் இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கி, அது கிடந்த நீரை எடுத்து மற்றொன்றின் மேல் விட்டால், அதுவும் மெதுவாகிறது. வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. தேர்வில் இதெல்லாம் ஒரு மார்க்குக்குக்கூட வரவில்லை. ஆனாலும் இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருப்பது இவைதான்.

அப்புறம் லேப். இந்தப் பாடத்தில் சேரச் சொல்வதற்கு எனக்கு ஒரே ஒரு காரணம் போதும் என்றால், அது லேப்தான். சோதனைப் பொருள் நம் உடம்பேதான்.

மூச்சடக்கும் சோதனை ஒன்று. முதலில் சாதாரணமாக மூச்சை அடக்கினேன், 42 நொடி வந்தது. பிறகு, பக்கத்தில் ஆசிரியை நிற்க, கொஞ்ச நேரம் வேகமாக மூச்சு விட்டுவிட்டு அடக்கினேன், 71 நொடி. நிறைய ஆக்சிஜன் சேர்ந்துவிட்டது என்று எல்லோரும் எழுதினோம். எல்லோருடையதும் தப்பு. நல்ல உடம்பில் தமனி ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பித்தான் இருக்கிறது, அதற்கு மேல் ஏற்ற அங்கே பெரிதாக இடமில்லை. வேகமாக மூச்சு விட்டதில் கார்பன் டை ஆக்சைடுதான் குறைந்திருக்கிறது. மூச்சு விடு, விடு என்று மூளையை நெருக்குவது பெரும்பாலும் அந்த வாயுதான். அது குறைந்துவிட்டால் நெருக்கல் தாமதமாகத்தான் வரும், ஆக்சிஜன் மட்டும் தீர்ந்துகொண்டே போகும். நீருக்கடியில் மூழ்கும் முன் இப்படி மூச்சு விட்டுக்கொள்கிறவர்கள், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவிழந்து இறந்துபோவது இதனால்தான். நீச்சல் தெரிந்த ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும் என்று அன்று மாலை முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

படுத்திருந்து சட்டென்று எழுந்து நிற்கும் சோதனையைக் கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். படுக்கையில் என் நாடி 68, எழுந்து நின்றதும் 86. ரத்தம் காலுக்கு இறங்குகிறது, கழுத்துத் தமனியில் இருக்கும் உணரிகள் இழுவிசை குறைந்ததை உணர்கின்றன, இதயம் வேகமெடுக்கிறது, குழாய்கள் சுருங்குகின்றன. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அப்பா கட்டிலிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்தச் சில நொடிகள். அன்றிலிருந்து அவரை அவசரப்படுத்துவதை விட்டுவிட்டேன்.

முழங்கால் தட்டும் சோதனையில், இரண்டு கை விரல்களையும் கொக்கி போல் மாட்டி இழுத்துக்கொண்டு தட்டச் சொன்னால் கால் இன்னும் பலமாக உதைக்கிறது. மூச்சுக் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டரில், எவ்வளவு ஊதினாலும் நுரையீரலில் சுமார் 1.2 லிட்டர் காற்று தங்கிவிடும், அதை அந்தக் கருவியால் அளக்கவே முடியாது என்று தெரிந்தது.

லேப்பில் குறையும் உண்டு. 24 பேருக்கு ஒரே ஒரு இசிஜி கருவி. எங்கள் முறை வந்தபோது மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. மேலறைகள் சுருங்கி முடிப்பதற்காக, துடிப்பின் சமிக்ஞை நடுவில் பத்தில் ஒரு நொடி அளவு தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தை என் சொந்த வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து பார்க்க ஆசைப்பட்டேன், நேரமில்லை. தசைச் சோதனையையோ கம்ப்யூட்டரில் பொத்தான் அழுத்திப் பார்க்க வைத்தார்கள். உயிரைக் கொல்லாமல் இருக்க அப்படி வைத்திருந்தால் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் தோலின் மேல் மின்முனை ஒட்டி, நம் கைத்தசையிலேயே பார்க்கலாமே.

இதயப் பாடம் செமஸ்டரின் நடுவில் வந்தது, நடத்திய விதமும் பிரமாதம். முதல் நாளே பேராசிரியை ஒரு பெருக்கல் போடச் சொன்னார். ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு. 4,900 மில்லிலிட்டர். உடம்பில் உள்ள ரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான். ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 300 லிட்டர் வருகிறது. "இவ்வளவு ரத்தம் எங்கிருந்து வருது, எங்கே போகுது?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். சாப்பிட்டதிலிருந்து ரத்தம் புதிதாக ஊறி ஊறித் தீர்ந்துபோகிறது என்று நூற்றாண்டுகளாக நம்பியிருக்கிறார்கள். வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் 1628-இல் இதே வகைக் கணக்கைப் போட்டுத்தான் அது முடியாது, அதே ரத்தம்தான் சுற்றி வர வேண்டும் என்று வாதாடினார். நாளெல்லாம் வரவு செலவு பார்க்கிற எனக்கு அதைக் கேட்டதும் சிலிர்த்தது. கணக்கு இடிக்கிறது என்றால் கதை தப்பு.

இனி என் பெரிய வருத்தத்துக்கு வருகிறேன். சிறுநீரகத்துக்கு வெறும் நான்கு வகுப்பு. நரம்புக்கும் தசைக்கும் ஐந்து வாரம் போய்விட்டது, நடுவில் விடுமுறை வேறு. கடைசியில் சிறுநீரகத்தையும் ஹார்மோன்களையும் ஓட்டமாக ஓட்டினார்கள். எந்தக் கல்லூரி என்று எழுதப் போவதில்லை. விசாரித்ததில் வேறு இடங்களில் படித்த இரண்டு பேரும் இதையேதான் சொன்னார்கள்.

அவசரமாக விழுங்கக்கூடிய பாடமா இது? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டிகள் சுமார் பத்து லட்சம். ஒரு நாளில் வடிகட்டப்படும் திரவம் சுமார் 180 லிட்டர், வெளியே போவது ஒன்றரை லிட்டர் மாதிரி. மீதி அத்தனையும் திரும்ப ரத்தத்துக்கே வருகிறது. உடம்பில் இருக்கும் பிளாஸ்மாவே, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியே, சுமார் 3 லிட்டர்தான், அது ஒரு நாளைக்கு அறுபது முறை வடிகட்டப்படுகிறது. நீரை மீட்டெடுக்க ஹென்லி வளைவு என்று கொண்டை ஊசி போன்ற ஒரு குழாய் இருக்கிறது. கீழே இறங்கும் கையில் நீர் வெளியேறும், மேலே ஏறும் கையில் உப்பு வெளியேறும். இப்படியே சிறுநீரகத்தின் உட்பகுதியை, ரத்தத்தைவிட நான்கு மடங்கு செறிவுக்குக் கொண்டுபோய்விடும். இதை வகுப்பில் இருபது நிமிடத்தில் முடித்தார்கள். எனக்கு மூன்று மாலை பிடித்தது. பெரிய வெள்ளைத் தாளில் வளைவை வரைந்து, எண்களைப் பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மூன்றாம் நாள்தான் பிடிபட்டது.

பிடிபட்ட அன்று இரவே அப்பாவின் மாத்திரைப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ஃபுரோசெமைடு. ஹென்லி வளைவின் ஏறும் கையில் உப்பை மீட்டெடுக்கும் கடத்திப் புரதத்தைத் தடுக்கும் மருந்து அது. நான் மூன்று மாலை பென்சிலால் எழுதி அழித்த அதே இடம். இன்னொரு மாத்திரை எனலாப்ரில். அதுவும் அந்த வாரத்துப் பாடத்தில் இருந்தது. இதயம் சரியாகத் தள்ளாதபோது சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் எடுத்துக்கொண்டு ரெனின் என்ற நொதியை விடுகிறது. அது ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனில் போய், அங்கிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனில் முடிந்து, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கச் சொல்கிறது. அடிபட்டு ரத்தம் போனவருக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. அப்பாவுக்கோ ரத்தம் குறையவே இல்லை. பிடித்து வைத்த நீர் சிரைகளில் தேங்கி, அழுத்தம் கூடி, தந்துகிகள் என்ற நுண்குழாய்களிலிருந்து கசிந்து, பூமி இழுக்கும் பக்கம், காலுக்கு இறங்குகிறது. எனலாப்ரில் இந்தச் சங்கிலியை நடுவில் வெட்டுகிறது.

மறுநாள் காலை ஒரு பழைய கவரின் பின்பக்கம் அம்புக்குறி போட்டு இதை அப்பாவுக்கு வரைந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ கிட்னி என்னைக் காப்பாத்தறதா நினைச்சுதான் தண்ணியப் பிடிச்சு வைக்குதா?" என்றார். ஆமாம்பா என்றேன். தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வைக்கச் சொல்லி டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் அதைத் தொடங்கினோம். திடீரென்று எடை ஏறினால் அது சதை இல்லை, நீர் என்று இப்போது அவருக்கே தெரியும். மருந்தின் அளவில் நான் கை வைப்பதில்லை, அது டாக்டரின் வேலை. ஆனால் டாக்டரிடம் கேட்கும் கேள்விகள் மாறிவிட்டன.

தேர்வைப் பற்றி. முதல் தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொண்டு போனேன், 54 மார்க். கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. 'ஒருவர் அரை லிட்டர் ரத்தம் இழக்கிறார். கீழ்க்கண்ட எட்டும் கூடுமா, குறையுமா, ஏன்?' என்று கேட்டால் மனப்பாடம் எப்படிக் கை கொடுக்கும்? அதன் பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வெறுந்தாளில் அம்புக்குறிகளாக வரைந்து படித்தேன். எங்கே தடுக்குகிறதோ அங்கே மட்டும் புத்தகம். இரண்டாவது தேர்வில் 81. வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வீட்டில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் அந்த செமஸ்டரில் வேறு எதையும் எடுக்காதீர்கள்.

கருவிகள் குறைந்த லேப், கடைசியில் ஓட்டமெடுத்த பாடத்திட்டம் என்று குறைகள் இருந்தும், தெரிந்தவர்கள் யார் கேட்டாலும் சேரச் சொல்கிறேன். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கட்டாயம் சேருங்கள். லேப் இல்லாமல் வகுப்பு மட்டும் என்று ஒரு வழி இருக்கும், நேரம் மிச்சமாகும் என்று அதை எடுத்துவிடாதீர்கள். பணம் கட்டும் முன் வாரவாரியான பாடத்திட்டத் தாளைக் கேட்டு வாங்கிச் சிறுநீரகத்துக்கு எத்தனை வகுப்பு என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தது ஆறு வகுப்பாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹென்லி வளைவை விடுமுறையிலேயே வரையத் தொடங்கிவிடுங்கள்.