பெயர் கேள்விப்படாத நாவலைக் குறைந்த செலவில் எங்கே தேடுவது? மின்னூல் கருவிக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

பள்ளத்தூர் வீட்டின் வளவில் தூணில் சாய்ந்துகொண்டு நாவல் படிப்பது எங்கள் ஆத்தாவின் ஐம்பதாண்டுப் பழக்கம். இரண்டு கண்களிலும் புரை நீக்கிய பிறகு மாத நாவல்களின் பொடி எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. ஆறு அங்குலத் திரையுள்ள ஒரு கிண்டில் கருவியை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்தேன். ஒரு திரையில் பத்துப் பன்னிரண்டு வரிகளே வந்தாலும் கண் வலிக்கவில்லை என்று அவர் மறுபடியும் படிக்கத் தொடங்கினார். புகழ்பெற்ற நாவல்களை எல்லாம் இரண்டு முறை, மூன்று முறை படித்து முடித்தவர் அவர். ஆகையால் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “பேரே கேள்விப்படாத ஆளு எழுதுன கதையாக் கொண்டா.”

காரைக்குடியில் வேலை பார்க்கும் நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கருவியில் புதிதாக நூல்களை ஏற்றிக் கொடுக்கிறேன். அதற்காக ஓராண்டுக்கு மேலாகப் பல இடங்களில் தேடியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன். விலையை மட்டும் வைத்து இந்த இடங்களை அளந்தால் ஏமாந்துபோவோம். அறிமுகமில்லாத எழுத்தாளரைத் தேடுகிறவர் பத்து நூல்களைத் திறந்தால் ஆறேழு நூல்களைப் பாதியில் மூடிவைக்க வேண்டியிருக்கும். எனவே ஒரு தவறான தேர்வுக்கு எவ்வளவு பணமும் நேரமும் போகின்றன என்பதுதான் முதல் கேள்வி. நமக்கு முன்னால் அந்த நூலை யார், எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அடுத்த கேள்வி.

அமேசானின் கிண்டில் கடையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்களுக்குத் தனிப்பகுதி திறக்கப்பட்ட பிறகு, பதிப்பகத்தின் துணையில்லாமல் தாமே நூலை வெளியிடும் எழுத்தாளர்கள் பெருகினார்கள். இவர்களுடைய நாவல்களில் பல 49 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. இன்று எழுதுகிற, அச்சு நூல் எதுவும் வராத, புத்தகக் காட்சியில் பெயர் காணாத ஒருவரைப் படிக்க வேண்டுமென்றால் இதைவிட அகலமான இடம் தமிழில் இல்லை. ஆனால் அகலம் இருக்கிற அளவுக்கு வழிகாட்டல் இல்லை. முகப்பில் நிற்பவை ஏற்கெனவே அதிகம் விற்பவை. அவை முன்னால் நிற்பதாலேயே மேலும் விற்கின்றன. ஆத்தா கேட்ட ‘பேரே கேள்விப்படாத ஆள்’ அந்த வரிசையின் நாற்பதாவது பக்கத்தில் இருப்பார்.

தேடுபெட்டியும் எளிதில் உதவுவதில்லை. பல நூல்களின் பெயர் தமிழ் எழுத்தில் ஒரு விதமாகவும் ஆங்கில எழுத்தில் இன்னொரு விதமாகவும் பதிவாகியிருக்கிறது. ழகரமோ ளகரமோ வருகிற ஒரு பெயரை மூன்று பேர் மூன்று மாதிரி எழுதுகிறார்கள். ஒரே பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடிய பிறகுதான் ஒரு நூல் இல்லை என்ற முடிவுக்கு நான் வருவேன். நூலின் பெயரைவிட ஊர்ப் பெயரையோ தொழிலின் பெயரையோ போட்டுத் தேடுவது எனக்கு அதிகம் பலன் தந்திருக்கிறது. ‘பர்மா’, ‘கொண்டுவிற்கப் போனவர்கள்’ (கடல் கடந்து வணிகத்துக்குப் போனவர்கள்), ‘தறி’, ‘உப்பளம்’ என்பவை போன்ற சொற்கள் விற்பனை வரிசைக்கு அடியில் கிடக்கும் நூல்களை மேலே இழுத்து வருகின்றன.

இந்தக் கடையில் தவறான தேர்விலிருந்து காப்பாற்றும் வசதி இலவச மாதிரிப் பகுதிதான். வாங்குவதற்கு முன் நூலின் தொடக்கப் பக்கங்களைக் கருவியிலேயே இறக்கிப் படிக்கலாம். நம் நூல்களிலோ அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை என்று வரிசையாக வந்து அந்த மாதிரிப் பகுதியைத் தின்றுவிடுகின்றன. கதை தொடங்குவதற்குள் மாதிரி முடிந்துபோகிறது. சுயமாக வெளியிடும் எழுத்தாளர்கள் இவற்றை நூலின் கடைசிக்கு மாற்றினால், என்னைப் போன்றவர்கள் நம்பி வாங்குகிற நூல்களின் எண்ணிக்கை கட்டாயம் கூடும். இதை ஒரு வேண்டுகோளாகவே எழுதுகிறேன்.

இன்னொரு வழியைப் பலரும் கவனிப்பதில்லை. தம் நூலை இந்தக் கடைக்கு மட்டுமே மின்வடிவில் தருவதாக ஒப்புக்கொள்ளும் எழுத்தாளர், ஒவ்வொரு 90 நாளிலும் 5 நாட்கள் வரை அதை இலவசமாகக் கொடுக்கலாம். அந்த நாட்களில் எடுத்த நூல், விலை கொடுத்து வாங்கியதைப் போலவே நம் கணக்கில் நிலைத்திருக்கும். பிடித்த எழுத்தாளர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால், அவருடைய பிற நூல்களை இப்படிக் காத்திருந்து சேர்த்துவிடலாம். ஆனால் இது ஏற்கெனவே கண்டுபிடித்த ஒருவரைத் தொடர்வதற்கான வழி. புதிதாக ஒருவரைக் கண்டுபிடிக்க இது பயன்படாது.

மாதச் சந்தா கட்டி நூல்களை இரவல் எடுத்துப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் இந்தியாவுக்கு வந்தது 2015இல். நான் சேர்ந்தபோது மாதம் 169 ரூபாய். ஆத்தா வாரம் ஒரு நாவலை முடிப்பவர். மாதம் நான்கு நாவல்களை 49 ரூபாய் வீதம் வாங்கினால் 196 ரூபாய் ஆகும்; சந்தாவால் மிச்சமாவது 27 ரூபாய்தான். இந்தக் கணக்கை மட்டும் பார்த்து முதலில் நான் சந்தாவை ஒதுக்கிவிட்டேன். பிறகு, அவர் பாதியில் மூடிவைத்தவற்றையும் எண்ணிப் பார்த்தபோது கணக்கு மாறியது. நான்கு நூல்களை முடிக்க அவர் பத்து நூல்களைத் திறந்திருந்தார். அந்தப் பத்தையும் வாங்கியிருந்தால் 490 ரூபாய். மாதிரிப் பகுதியைப் படித்து நான்கைந்தைத் தள்ளியிருந்தாலும் சந்தாவுக்கு மேல்தான் செலவாகியிருக்கும். பெயர் தெரிந்த எழுத்தாளர்களை மட்டும் படிப்பவருக்கு இந்தச் சந்தா தேவையில்லை. பெயர் தெரியாதவர்களைத் தேடுகிறவருக்குத்தான் அது பொருந்துகிறது.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். சந்தாவை நிறுத்தினால் இரவல் எடுத்த நூல்கள் கருவியை விட்டுப் போய்விடும். பிடித்த நாவலை மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கும் வழக்கமுள்ள ஆத்தாவுக்கு அது பெரிய மனக்குறை. அது மட்டுமன்று. சந்தாவில் படிக்கப்படும் பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் எழுத்தாளருக்குப் பணம் போகிறது. நீட்டி எழுதுவதற்கு அது ஒரு தூண்டுதலாக இருக்கும் என்பது என் எண்ணம். நாங்கள் எடுத்த குடும்ப நாவல்களில் பல, இருநூறு பக்கத்தில் முடிய வேண்டிய கதையை ஐந்நூறு பக்கத்துக்கு இழுத்தவை. “இந்தக் கல்யாணம் எப்பத்தான் நடக்கும்?” என்று ஆத்தா கேட்டுவிட்டு மூடிவைத்த நூல்கள் அப்படிப்பட்டவைதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவை தன்னார்வலர்கள் உழைத்து உருவாக்கிய தளங்கள். என் மனம் இவற்றின் பக்கமே சாய்கிறது. அதற்குக் காரணம் இவை காசு கேட்பதில்லை என்பது மட்டுமல்ல.

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கியது. சங்க இலக்கியத்துக்கும் சமய இலக்கியத்துக்குமான இடம் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அதன் நூல்பட்டியலில் கீழே இறங்கிப் பார்த்தால் இருபதாம் நூற்றாண்டின் நாவல்களும் சிறுகதைத் தொகுப்புகளும் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு நூலின் தொடக்கத்திலும் அதைத் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று நன்றிக் குறிப்பு இருக்கும். பல மாதங்கள் நான் அந்த வரிகளைத் தாண்டிப்போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள்தான் உறைத்தது. ஒருவர் கூலியில்லாமல், வேலை முடிந்த இரவுகளில் முந்நூறு பக்க நாவலை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்திருக்கிறார் என்றால், அந்த நாவல் அழிந்துவிடக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எந்தக் கடையின் நட்சத்திர மதிப்பீட்டையும்விட எனக்கு அது பெரிய பரிந்துரை. அதன்பிறகு, ஆத்தாவுக்குப் பிடித்த ஒரு நூலைத் தட்டச்சு செய்தவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அவர் தட்டச்சு செய்த மற்ற நூல்களைத் தேடத் தொடங்கினேன். நாங்கள் கண்டெடுத்த நல்ல நூல்களில் பாதிக்கு மேல் இந்த வழியில் வந்தவை.

இந்தத் தளங்களில் தேடுவதற்குச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நம் நாட்டில் எழுத்தாளரின் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அதைக் கணக்கிடுவார்கள். 115 நாவல்கள் எழுதி, ‘ஜகன்மோகினி’ இதழையும் நடத்திய வை.மு. கோதைநாயகி 1960இல் மறைந்தார். அவருடைய எழுத்து 2021 ஜனவரி முதல் நாள் பொதுவுடைமையானது. துப்பறியும் கதைகளால் ஒரு காலத்தில் தமிழ்நாட்டையே கட்டிப்போட்ட வடுவூர் துரைசாமி ஐயங்கார் 1942இல் மறைந்தவர். அவரை எடுத்துப் படிக்க எந்தத் தடையும் இல்லை. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களுக்கு இந்தக் காத்திருப்பும் தேவையில்லை. தம் காலத்தில் வீடுதோறும் படிக்கப்பட்டு இன்று பெயரளவுக்குக்கூட நினைக்கப்படாதவர்களே உண்மையில் ‘பெயர் தெரியாதவர்கள்’ என்று ஆத்தா சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

விக்கிப்பீடியாவைப் போலத் தன்னார்வலர்கள் உருவாக்கும் நூல் தளமான விக்கிமூலத்துக்கு இங்கே தனியாக ஓர் இடம் கொடுக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்களின் மின்வருடல்கள் அங்கே ஏராளமாக இருக்கின்றன. அவற்றைப் பக்கம் பக்கமாகத் திருத்துகிறார்கள். ஒரு பக்கம் சிவப்பு நிறத்தில் இருந்தால் இன்னும் மெய்ப்புப் பார்க்கப்படவில்லை, மஞ்சளானால் ஒருமுறை பார்க்கப்பட்டது, பச்சையானால் இன்னொருவரும் சரிபார்த்துவிட்டார் என்று பொருள். முடிக்கப்பட்ட நூலை அங்கிருந்தே இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்தில் இறக்கிக்கொள்ளலாம். 2022 முதல், நாம் அனுப்புகிற இபப் கோப்பைக் கிண்டிலும் ஏற்றுக்கொள்வதால், எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்க முடிகிறது. பெரும்பகுதி சிவப்பாக இருக்கும் நூலை மட்டும் எடுக்க வேண்டாம். இயந்திரம் படித்த தமிழில் ‘க’வும் ‘ச’வும் இடம் மாறி நிற்கும்.

2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் வேறு வகையானது. இன்று எழுதுகிறவர்கள் பலர் தம் நூல்களைப் பகிர்வுரிமையோடு இலவசமாகவே அங்கே தருகிறார்கள். ஆறு அங்குலக் கருவிக்கென்றே வடிவமைத்த பிடிஎஃப் கோப்பும் இபப் கோப்பும் சேர்ந்து கிடைப்பதால், கோப்பை மாற்றத் தெரியாதவர்கள் தொடங்குவதற்கு ஏற்ற இடம் அதுதான். தரம் சீராக இல்லை. வலைப்பதிவில் எழுதியவற்றை அப்படியே தொகுத்தவையும் இருக்கின்றன. ஆறு மாதம் நினைவில் நின்ற சிறுகதைத் தொகுப்புகளும் அங்கேதான் கிடைத்தன. பணம் போகாவிட்டாலும் நேரம் போகிறது என்பதால், நடுவிலிருந்து ஒரு கதையை முதலில் நானே படித்துப் பார்த்த பிறகுதான் பள்ளத்தூருக்கு அனுப்புகிறேன்.

பழைய நூல்களை அப்படியே ஒளிப்படமாக எடுத்த வருடல் கோப்புகள் தமிழ் மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் குவிந்திருக்கின்றன. அரிய நூல் என்று பார்த்தால் இவற்றுக்கு இணை இல்லை. பள்ளத்தூருக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன என்பதை எங்கள் பக்கத்தில் பெருமையாகவே சொல்வோம். அந்தச் சேகரிப்பில் வெகுமக்கள் நாவல்களும் தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களும் இருந்ததால்தான் அவை இன்றும் இருக்கின்றன. நம் வீடுகளில் பெட்டகத்தில் கிடந்தவை கறையானுக்குப் போயின. ஆனாலும் வருடல் கோப்பை ஆறு அங்குலத் திரையில் படிக்க முடியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போகிறது. கருவியைப் படுக்கை வசத்தில் திருப்பினால் ஓரளவு படிக்கலாம். ஆத்தாவால் அதுவும் முடியவில்லை. பத்து அங்குலக் கருவி வைத்திருப்பவர்கள் என் முடிவை மாற்றிக்கொள்ளலாம்.

பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடர்கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. அவை கைப்பேசிக்கு உரியவை. கிண்டில் போன்ற கருவியில் அவற்றைத் திறக்க வழியில்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் அவற்றைச் சேர்க்கவில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எப்போதாவது நாவல் கட்டுகள் கிடைப்பதுண்டு. விலை பேசி வாங்கிவிடலாம். அந்தக் கட்டுகளை ஆத்தாவால் படிக்க முடியாது என்றாலும், பின்னட்டை விளம்பரங்களில் அந்தப் பதிப்பகத்தின் மற்ற நாவல்களும் எழுத்தாளர்களின் பெயர்களும் வரிசையாக இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டுவந்து விக்கிமூலத்திலும் மதுரைத் திட்டத்திலும் தேடுகிறேன். எந்தத் தளத்தின் பரிந்துரையிலும் வராத பெயர்கள் அப்படிக் கிடைத்திருக்கின்றன.

பணம் கொடுத்து வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முன்பு ஒரு விற்பனைத் தளத்தில் நான் வாங்கிய நாவலில் கொம்புகள் எல்லாம் எழுத்தை விட்டு விலகி நின்றன, பணமும் திரும்பவில்லை. எந்தக் கடையானாலும் மாதிரிப் பகுதியைக் கருவியிலேயே திறந்து, ‘கொ’, ‘கோ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ ஆகியவை சரியாக வருகின்றனவா என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி இருக்கிறது. ஆண்டில் மூன்று மாதம் மட்டும் சந்தா கட்டுகிறேன். அந்த மாதங்களில் ஆத்தா புதியவர்களை வரிசையாகத் திறந்து பார்த்து, பிடித்தவர்களின் பெயரைக் கணக்கு நோட்டில் எழுதிவைக்கிறார். மறுபடி படிக்க வேண்டும் என்று அவர் கோடிட்ட நூலை மட்டும் விலைக்கு வாங்குகிறேன். சென்ற ஆண்டில் அப்படி வாங்கியவை ஏழு. மற்ற ஒன்பது மாதங்களும் மதுரைத் திட்டமும் விக்கிமூலமும்தான். நோட்டில் எழுத்தாளர் பெயருக்கு எதிரே, தட்டச்சு செய்தவரின் பெயரையும் எழுத ஆத்தா தாமாகவே ஒரு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறார். போன சனிக்கிழமை அதில் ஒரு பெயரைக் காட்டி, “இவரு அடிச்சது இன்னும் இருந்தா ஏத்திக்கிட்டு வா” என்றார். இரண்டு இருக்கின்றன, இந்த வாரம் கொண்டுபோகிறேன்.