கறுப்பு மைவியும் டிஏ போலிஷரும்: மூன்றாம் ஆண்டு நிலவரம்

கறுப்புக் காடியைக் (காரை) கோலாலம்பூர் மத்தியான வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய சுழல் கீறல்கள் தெரியும். கெப்போங்கில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் நிற்கும் பெரோடுவா மைவி காடியும் அப்படித்தான் இருந்தது. முதலில் கடையில்தான் போலிஷ் செய்யக் கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்தது. சில தடவை கழுவியதும் பழைய கீறல்கள் எல்லாம் மறுபடி எட்டிப் பார்த்தன. சில போலிஷ்களில் எண்ணெயும் ஃபில்லரும் இருக்கும். அவை கீறலை நிரப்பி மறைக்குமே தவிர நீக்காது.

அதற்குப் பிறகுதான் 300 வெள்ளிக்குள் ஒரு டிஏ (டூயல் ஆக்‌ஷன்) போலிஷ் மெஷின் வாங்கினேன். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும். ஆனால் சூடு ஒரே இடத்தில் ஏறும், பழகாத கையில் புதுக் கோடுகளையும் விட்டுவிடும். டிஏவில் பேட் (போலிஷ் தேய்க்கும் பஞ்சு வட்டு) சுழன்றுகொண்டே ஆடுவதால் ஆபத்து குறைவு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அழுத்தினால் சுழல்வது நின்று வெறுமனே ஆடும், வேலை நடக்காது. பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டேன். கோடு சுற்றுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

காடியைக் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் கிளே பார் தேய்த்து, ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டுவதற்கே பாதிக் காலை போய்விடும். அப்புறம் முழங்கை நீளச் சதுரமாக எடுத்துக்கொண்டு, பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு போலிஷ் வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். கையில் இருப்பதில் மென்மையான போலிஷையும் பேடையும்தான் முதலில் ஓரிடத்தில் சோதிப்பேன். போலிஷின் எண்ணெய் போக ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே அதைவிடக் கடுமையாக வெட்டும் காம்பவுண்டைத் தொடுவதா என்ற முடிவு. பெரும்பாலும் தேவைப்படவில்லை.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்றால், நிறத்தின் மேலிருக்கும் கிளியர் கோட் என்ற தெளிவான படலம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். போலிஷ் என்பது அதையே கொஞ்சம் சீவி எடுப்பது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்தப் படலம்தான். நகம் மாட்டும் அளவு ஆழமான கீறல் கதவில் ஒன்று இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பம்பர் பிளாஸ்டிக், சூடு சீக்கிரம் வெளியேறாது. கதவின் விளிம்புகளில் பெயிண்ட் மெல்லியது. இரண்டு இடத்திலும் கை தானாகவே இலேசாகிவிடும்.

உண்மையைச் சொன்னால், முதல் ஆண்டுக்குப் பிறகு மெஷின் அலமாரியில்தான் அதிகம் இருக்கிறது. பளபளப்பு நிற்பதற்குக் காரணம் கழுவும் முறை. கார் வாஷுக்கு அனுப்புவதில்லை. அங்கே ஒரே துணி எத்தனை காடியின் மணலைச் சுமக்கிறதோ! வீட்டில் சோப்புக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. காய்ந்த தூசியை இறகுத் துடைப்பத்தால் தட்டுவதும் நின்றது. சாலையோர மரத்தடியில் நிறுத்தி மைனா எச்சம் விழுந்தால் உடனே நனைத்து எடுத்துவிடுவேன், வெயிலில் காய்ந்தால் அரித்துவிடும். மேலே சீலண்ட் என்ற பாதுகாப்புப் பூச்சு சில மாதங்களுக்கு ஒருமுறை.

வெள்ளை, சில்வர் காடி வைத்திருப்பவர்கள் மெஷினுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. அந்த நிறங்களில் சுழல் கீறல் கண்ணில் படுவதே அரிது. கறுப்பு, கருநீலம் என்றால் வாங்கலாம். பேடுகளை மட்டும் கூடுதலாக வாங்கி வையுங்கள். எனக்கு மெஷினைவிட பேடுக்குத்தான் அடிக்கடி காசு போகிறது. சூட்டில் வெல்க்ரோ ஒட்டிய இடம் விட்டுப்போகிறது.