குன்னூரில் சொட்டுப் பாட்டில்: ஒரு பெயின்ட்காரரின் புலம்பல்

கோத்தகிரியில் பழைய கொலு பொம்மைகளுக்கு மறுபடி வண்ணம் அடிக்கும் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், இந்தச் சொட்டுப் பாட்டில் பெயின்ட் வாங்கலாமா, இல்ல டப்பாவே போதுமா?" சொட்டுப் பாட்டில் என்றால், பிதுக்கினால் கூர்மையான மூக்கு வழியே பெயின்ட் சொட்டுச் சொட்டாக விழும் சின்ன மெத்தென்ற பிளாஸ்டிக் பாட்டில். அப்போது சொன்ன பதில் கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. இங்கே நிதானமாகச் சொல்கிறேன், முடிந்த வரைக்கும்.

நான் மலை ரயில் பெட்டிகளையும் எஞ்சினையும் பிளாஸ்டிக் ஷீட்டில் சிறியதாகச் செய்பவன். பெட்டிக்கு நீலமும் க்ரீமும். அந்த நீலம் எந்தக் கம்பெனியின் பாட்டிலிலும் அப்படியே கிடைக்காது, கலந்துதான் எடுக்க வேண்டும். சொட்டுப் பாட்டில் என்னை மயக்கியது இங்கேதான். டப்பாவிலிருந்து பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுக் கலந்தால், இன்று வந்த நீலம் அடுத்த மாதம் வராது. பாட்டிலில் நீலம் ஆறு சொட்டு, வெள்ளை இரண்டு, கறுப்பு ஒன்று என்று நோட்டில் எழுதி வைத்துவிடலாம். பெட்டி நான்கும் ஒரே நிறத்தில் நிற்கும்போது வரும் சந்தோஷமே தனி.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் என்றால் ஒரு மில்லிக்குச் சுமார் இருபது சொட்டு. பெயின்ட் அப்படி இல்லை. மூக்கின் அளவும் திரவத்தின் தன்மையும் மாறினால் சொட்டும் பெரிதாகும், சிறிதாகும். ஒரு கம்பெனியின் இரண்டு சொட்டு, இன்னொன்றின் இரண்டு சொட்டு ஆகாது. அதனால் காலிப் பாட்டில்களை ஒரே மாதிரியாக மொத்தமாக வாங்கி, எல்லா நிறத்தையும் அவற்றுக்கு மாற்றிவிட்டேன். அதற்கப்புறம் நோட்டுக் கணக்கு பொய் சொல்லவில்லை.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

இந்தப் பாட்டில்கள் சமவெளியில் நிரப்பி மூடப்படுகின்றன. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மலையேறும் வழியில் பர்லியார் தாண்டினால் சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்புமே, அதேதான் பாட்டிலுக்குள்ளும் நடக்கிறது. பார்சல் வந்த ஆசையில் மூடியைத் திருகினால், நீங்கள் பிதுக்காமலேயே பெயின்ட் தானாக வெளியே வரும். படுத்த வாக்கில் வந்த பாட்டில் என்றால் கேட்கவே வேண்டாம், மூக்கு முழுக்க பெயின்ட் நிற்கும், பின்னாலிருந்து காற்று தள்ளும். புது பாட்டிலை ஒரு ராத்திரி நிமிர்த்தி வைத்து, மேசையில் தட்டி மூக்கில் நிற்பதை இறக்கிவிட்டு, துணியால் சுற்றிக்கொண்டு மெல்லத் திறந்தால் காற்று மட்டும் போகும். பெயின்ட் போகாது. பெரும்பாலும்.

ஒருமுறை திறந்து அழுத்தம் சரியானால் முடிந்தது என்று நினைப்பீர்கள். மலைக் குளிர் விடாது. பாதி தீர்ந்த 17 மில்லி பாட்டிலுக்குள் எட்டு மில்லி காற்று இருக்கும். காலையில் அறை 12 டிகிரியில் இருக்கிறது. அதை மேசை விளக்கின் பக்கத்தில் வைத்து 30 டிகிரிக்குச் சூடாக விட்டால், அந்தக் காற்று சுமார் அரை மில்லி விரியப் பார்க்கும். கிட்டத்தட்ட பத்துச் சொட்டு! கவிழ்த்த நொடியில் ஒன்று கேட்டால் நான்கு விழும். நிறைந்த பாட்டில் சாது, தீரத் தீரத்தான் திமிர் ஏறுகிறது. கோயம்புத்தூர்க்காரரிடம் இதைச் சொன்னால் உங்கள் கைதான் நடுங்குகிறது என்பார்.

வெள்ளை தனிக் கதை. அதில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடு கனமான தூள், அடியில் உட்கார்ந்துவிடும். மேலே இருக்கும் தண்ணி முதலில் சொட்டும், கட்டி வந்து மூக்கை அடைக்கும், அழுத்தினால் மூக்கே கழன்று, நிறம் கலக்கும் பேலட் தட்டில் குளம் கட்டும். குலுக்கக் குண்டு போடுங்கள், ஆனால் சைக்கிள் கடை பால்ஸ் வேண்டாம், ஈரத்தில் துருப்பிடித்து நிறத்தைக் கெடுக்கும். நல்ல ஸ்டெயின்லெஸ் குண்டு, இல்லாவிட்டால் கண்ணாடி மணி. அடைப்பு எடுக்கக் குண்டூசி குத்துகிறவர்கள் அதை மூக்கிலேயே விட்டுவிடக் கூடாது, காரணம் அதேதான்.

மற்றத் திரவங்களையும் சொல்லிவிடுகிறேன். தின்னர் கலவை, பெயின்ட்டில் கலக்கும் நிறமில்லாத மீடியம், தண்ணீர் சேர்த்த பசை, எல்லாம் அருமை. எங்கள் ஊர் யூக்கலிப்டஸ் தைலத்தை மட்டும் இந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கில் ஊற்ற வேண்டாம். அது சுவர் வழியே கசிந்து, பாட்டிலையும் இளக்கி, அலமாரியையே மணக்க வைத்துவிடும். அதற்குக் கண்ணாடிதான். முக்கியமாக, இவை பார்ப்பதற்குக் கண் சொட்டு மருந்துப் பாட்டில் மாதிரியே இருக்கும். வீட்டில் பெரியவர்கள் கண்ணுக்கு மருந்து விடுகிறார்கள் என்றால் பெரிய எழுத்தில் லேபிள் ஒட்டி, வேறு அறையில் வையுங்கள். இதில் விளையாட்டே வேண்டாம்.

நியாயமாகப் பார்த்தால், டப்பாவில் மூடி ஓரத்தில் காய்ந்து வீணாவதில் பாதிகூட இதில் வீணாவதில்லை. ஆடி மாத மழையில் வேலை நின்று போய், மாசக் கணக்கில் தொடாமல் வைத்த நிறங்கள்கூட உள்ளே காயாமலேயே இருந்தன. நிறக் கணக்கு, சிக்கனம், சுத்தம் மூன்றிலும் இது டப்பாவைத் தோற்கடிக்கிறது. எல்லாம் உண்மை.

ஆனால் இன்று காலை, வார்னிஷ் மட்டும் பாக்கி இருந்த பெட்டியின் க்ரீம் பட்டையில் நீலம் கொட்டியது. நான் கேட்டது ஒரு சொட்டு. அதைத் துடைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். எனவே ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். நேற்று கேட்டிருந்தால் நாலரை போட்டிருப்பேன்.

கோத்தகிரி நண்பருக்கு: கொலு பொம்மைக்குப் பெரிய பிரஷ், பெரிய பரப்பு, டப்பாவே போதும், வாங்காதீர்கள். அப்படியானால் உங்கள் பாட்டில்களை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்க வேண்டாம். தர மாட்டேன்.